வெள்ளியின் மாற்று: புதுச்சேரி ரூபாயும் ஜெர்மானியத் தாலரும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியார் பதினெட்டாம் நூற்றாண்டில் அடித்து வெளியிட்ட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கிறவருக்கு, அது பிரெஞ்சுக்காரர்களின் காரியம் என்று தெரிவிக்கக்கூடிய ஓர் எழுத்துக்கூட அதில் அகப்படாது. ஒரு புறம் பாரசீக லிபியில் டில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயர். மறு புறம் அவர் பட்டமேறிய பின் கழிந்த ஆண்டின் எண்ணும், ஆற்காட்டில் அடிக்கப்பெற்றது என்ற வாசகமும். அடித்த ஊரின் பெயரும் இல்லை, அவ்வூரை ஆண்ட பதினைந்தாம் லூயி மன்னரின் பெயரும் இல்லை. எழுத்துகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் ஒரு சிறு பிறைச் சின்னமே புதுச்சேரியின் அடையாளம். ஆனால் அதே புதுச்சேரியின் சிறிய வெள்ளிப் பணத்திலோ பிரெஞ்சு முடியரசின் கிரீடமும் லில்லி மலர்களும் தாராளமாகப் பூத்துக் கிடக்கின்றன. அதனினும் தாழ்ந்த செப்புத் துட்டில் ஒரு புறம் லில்லி மலரும், மறு புறம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

மதிப்பில் உயர்ந்த நாணயத்தில் அடித்தவன் தன்னை மறைத்துக்கொள்வதும், மதிப்பில் தாழ்ந்ததில் தன் கொடியையும் ஊர்ப்பெயரையும் காட்டிக்கொள்வதும் முதற் பார்வைக்கு முரணாகவே தோன்றும். இதை நவாபுக்கும் கம்பெனிக்கும் இடையே நிலவிய அரசியல் சம்பந்தத்தின் விளைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் பாதி உண்மையே சொல்லியதாகும். மறு பாதி வெள்ளி என்னும் உலோகத்தின் சுபாவத்தில் இருக்கிறது. அந்தச் சுபாவம் அரசர்களின் கர்வத்தை எவ்வாறு அடக்கியது என்பதை விளங்கிக்கொள்ள, ஏறக்குறைய முந்நூறு சமஸ்தானங்களாகச் சிதறிக் கிடந்த பழைய ஜெர்மனியைப்போல வசதியான பரிசோதனைச்சாலை சரித்திரத்தில் வேறில்லை.

முதலில் புதுச்சேரிக்கு வெள்ளி வந்த வழியைப் பார்ப்போம். நம் நாட்டில் வெள்ளிச் சுரங்கம் மிக அரிது; நம் தறிகளில் நெய்த துணியை விரும்பி வந்த ஐரோப்பியர்களிடமோ, நம்மவர்கள் ஆவலுடன் வாங்கிக்கொள்ளத்தக்க சரக்கு வெள்ளியைத் தவிர அதிகம் இருந்ததில்லை. ஆகவே மெக்ஸிகோவிலும் பெரு நாட்டிலும் தோண்டி எடுக்கப்பட்டு, ஸ்பெயின் மன்னரின் முத்திரையுடன் பியாஸ்தர் என்னும் பெரு நாணயங்களாகக் காடிஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய வெள்ளியைப் பிரெஞ்சுக் கம்பெனியார் விலைக்கு வாங்கி, லோரியான் துறைமுகத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பி வந்தார்கள். சுமார் 27 கிராம் எடையுள்ள அந்தப் பியாஸ்தரை உள்நாட்டு நெசவாளர் வாங்கமாட்டார். அதை உருக்கி, அவர் அறிந்த ரூபாயாக்கித்தான் கொடுக்கவேண்டும். அப்படி அடிக்கும் உரிமை இல்லாத வரையில் உருக்கும் கூலியும் லாபமும் பிறர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. கவர்னர் துய்மா ஆற்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடம் பேரம் பேசி, 1736 ஆம் ஆண்டில் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றது இதனால்தான். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில். யுத்தமும் தூதும் நிறைந்த அப்பெருநூலில் ரூபாய்க்கும் வராகன் என்னும் பொற்காசுக்கும் உள்ள மாற்று விலையைப் பற்றிய பேச்சும் ஊடாடி வருவது, அக்காலத்துப் புதுச்சேரியின் நாடி எங்கே துடித்தது என்பதைக் காட்டும்.

நவாபு கொடுத்த உரிமை ஆற்காட்டு ரூபாயை அடிப்பதற்கான உரிமையே. கம்பெனியாரும் தங்கள் மன்னரின் முகத்தைப் பொறிக்க வேண்டுமென்று மன்றாடியதாகத் தெரியவில்லை. மன்றாடிப் பெற்றிருந்தாலும் பயன் இருந்திராது. உள்நாட்டுச் சந்தைகளில் மட்டுமன்றி, வங்காளத்துச் சந்திரநாகூர்வரைக்கும் சென்று செல்லுபடியாகவேண்டிய நாணயம் அது. லூயி மன்னரை யாரென்று அறியாத, காசு மாற்றும் ஒரு வங்காளத்துச் சராப்பு, அவர் முகத்தைக் கண்டவுடன் வெறும் வெள்ளித்துண்டு என்று கணக்கிட்டு வட்டம் என்னும் கழிவு பிடித்துக்கொண்டிருப்பான்.

இனி ஜெர்மனிக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிரோல், சாக்ஸனி, பொஹீமியா ஆகிய மலைப் பிரதேசங்களில் வெள்ளி பெருவாரியாகக் கிடைக்கலாயிற்று. புதிய சுரங்கங்கள் ஒரு காரணம். செம்புக் கனிமத்தோடு கலந்திருந்த வெள்ளியைப் பிரிக்கும் ஒரு யுக்தி பரவியது மற்றொரு காரணம். வெள்ளி கலந்த செம்பை ஈயத்தோடு சேர்த்து உருக்கி வார்த்து, பின்னர் அதைச் செம்பு உருகாத அளவான மிதமான சூட்டில் வைத்தால், 327 பாகைச் சூட்டிலேயே உருகிவிடும் ஈயம் வெள்ளியைத் தன்னோடு கரைத்துக்கொண்டு வழிந்து வெளியேறும். செம்பு பின்னே தங்கிவிடும். இவ்வாறு பெருகிய வெள்ளியைக் கொண்டு டிரோல் பிரபு சிகிஸ்முண்டு, 1486 ஆம் ஆண்டில் ஹால் என்னும் ஊரின் நாணயசாலையில், ஒரு பொற்காசின் மதிப்புக்கு ஈடான பெரிய வெள்ளி நாணயத்தை அடித்தார். அதன் பின்னர் பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் ஷ்லிக் பிரபுக்கள் 1520 ஆம் ஆண்டை ஒட்டி அதேபோன்ற நாணயங்களை ஏராளமாக அடித்து வெளியிடவே, தாலர் என்ற பெயர் அவ்வகை நாணயம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. அவ்வூரில் வைத்தியராக இருந்த அக்ரிகோலா, சுரங்கத்தொழிலையும் உலோகம் பிரிக்கும் முறைகளையும் விரிவாக எழுதிவைத்த நூல் 1556 இல் வெளிவந்தது. உலோக சாஸ்திரத்தின் ஆதிநூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

சாம்ராஜ்யச் சக்கரவர்த்தி ஒருவர் பெயரளவில் இருந்தாலும், பிரபுக்களும் மேற்றிராணிமார்களும் சுதந்திர நகரங்களும் தத்தம் நாணயசாலைகளில் தத்தம் உருவங்களைப் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வியாபாரி இரண்டு நாள் வண்டியில் போனால் மூன்று நாணய எல்லைகளைத் தாண்டிவிடலாம். இந்தக் குழப்பத்தில் ஒழுங்கு ஏற்படுத்துவதற்கு அவர்கள் கண்ட உபாயம், அரசனின் முகத்தை விட்டுவிட்டு எடையை நிர்ணயிப்பது. கொலோன் நகரத்து மார்க் என்பது சுமார் 234 கிராம் எடை. ஒரு மார்க் வெள்ளியிலிருந்து இத்தனை நாணயம் அடிக்கலாம், அதில் இவ்வளவு சுத்த வெள்ளி இருக்கவேண்டும் என்பதே விதி. 1566 ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி ஒரு மார்க்குக்கு எட்டுத் தாலர். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 26 கிராம் சுத்த வெள்ளி. யாருடைய தலை வேண்டுமானாலும் இருக்கட்டும், வெள்ளி மட்டும் இருந்தாகவேண்டும் என்பதே இதன் கருத்து.

விதி செய்வது சுலபம். விதி மீறப்பட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். இங்கேதான் வெள்ளியின் சுபாவம் குறுக்கிடுகிறது. வெள்ளியோடு செம்பைக் கலந்தால் அது சுத்த வெள்ளியைவிடக் கடினமாகிறது, எளிதில் தேயாது, ஆகையால் சிறிது செம்பு சேர்ப்பது நேர்மையான காரியமே. ஆனால் நூற்றுக்கு இருபது பங்கு செம்பு சேர்ந்தாலும் கலவை வெண்மையாகவே தோன்றும்; கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. அதற்கு மேலும் செம்பு சேர்த்து நிறம் மங்கினால், காசுத் தகட்டைக் காய்ச்சிப் புளிப்பான கரைசலில் கொதிக்கவைப்பார்கள். சூட்டில் மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கறையாகி, புளிப்பில் கரைந்து போய்விட, மேலே வெள்ளிப் படலம் மட்டும் எஞ்சிப் பளபளக்கும். உள்ளே செம்பு மறைந்திருப்பதை, தேய்ந்த பின்னரே பாமரர் அறிவர்.

நீரில் நிறுத்துப் பார்க்கும் ஆர்க்கிமிடீஸின் உபாயமாவது உதவுமா என்றால், அதுவும் போதாது. சுத்த வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49, செம்பினுடையது 8.96. இரண்டுக்கும் இடைவெளி சிறிது. 11.4 கிராம் எடையுள்ள ஒரு ரூபாயில் பத்தில் ஒரு பங்கு செம்பைக் கலந்து, அதைச் சுத்த வெள்ளியோடு ஒப்பிட்டு நீரில் நிறுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 20 மில்லிகிராம் மட்டுமே. பொன்னில் வெள்ளி கலந்தவனைப் பிடிக்க உதவிய தராசு, வெள்ளியில் செம்பு கலந்தவனைச் சந்தைக் கடையில் பிடித்துக் கொடுக்காது. உரைகல்லில் உரைத்து, மாற்றுத் தெரிந்த கம்பியின் கோட்டோடு ஒப்பிடுகிற வண்ணக்கரின் கண் இதைவிடக் கூர்மையானது. எனினும் அதுவும் மதிப்பீடே தவிர முடிவான சாட்சியம் ஆகாது. முடிவான சாட்சியம் நெருப்பு ஒன்றே.

புடமிடுதல் என்று நம் தட்டார்கள் சொல்லும் அந்தப் பரீக்ஷை, ஆற்காட்டிலும் ஆக்ஸ்பர்க்கிலும் அடிப்படையில் ஒன்றுதான். சோதிக்கவேண்டிய வெள்ளியை நுட்பமாக நிறுத்து, அதைப் பல மடங்கு ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த ஒரு சிறு கிண்ணத்தில் இட்டுக் காற்றோட்டமுள்ள உலையில் காய்ச்சுகிறார்கள். ஈயம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி மிருதாரசிங்கியாகிறது. செம்பும் அவ்வாறே கறையாகி, உருகிய மிருதாரசிங்கியில் கரைகிறது. இரண்டையும் சாம்பல் கிண்ணம் உறிஞ்சிக் குடித்துவிடுகிறது. வெள்ளிக்கோ பிராணவாயுவோடு நிலையான உறவு கிடையாது. வெள்ளிக் கறை சிறிதளவு சூட்டிலேயே பிரிந்து வெள்ளியும் வாயுவுமாகிவிடும். ஆகையால் உலையின் சூட்டில் மற்றவை அனைத்தும் உறவு கொண்டு ஓடிப்போக, வெள்ளி மட்டும் தனித்து நிற்கிறது. கடைசி ஈயப் படலம் விலகும் கணத்தில் அந்தத் துளியின் மேல் ஓர் ஒளி வீசும். சோதகர் காத்திருப்பது அந்த ஒளிக்குத்தான். அதற்குப் பின்னும் அவர் அவசரப்படக் கூடாது. ஏனெனில் உருகிய வெள்ளி தன் கனபரிமாணத்தைப்போல இருபது மடங்கு பிராணவாயுவை விழுங்கி வைத்திருந்து, திடீரென்று குளிரவிட்டால் அதை உமிழ்ந்து துளித்துளியாகத் தெறிக்கும். தெறித்தது கணக்கில் வராது. மெல்லக் குளிரவைத்து எஞ்சிய மணியை மறுபடியும் நிறுத்தால், முதலெடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அரசன் செய்த கலப்பின் அளவு.

இந்தச் சோதனை கடையில் சில்லறை மாற்றுகிற குடியானவனுக்கு எட்டாது என்பதே ஜெர்மானியர்களுக்கு வந்த பேராபத்தின் மூலம். 1618 இல் முப்பதாண்டு யுத்தம் மூண்டபோது படைச் செலவுக்குத் தவித்த சிற்றரசர்கள், தாலரைத் தொடாமல், அன்றாடச் சில்லறைக் காசுகளில் செம்பை மேலும் மேலும் சேர்க்கலானார்கள். நாணயசாலைகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைக்காரர்கள் தரம் குறைந்த காசை மூட்டை மூட்டையாக அண்டைச் சமஸ்தானத்துக்கு அனுப்பி, அங்கே விஷயம் அறியாத மக்களிடமிருந்து நல்ல காசைத் திரட்டிக்கொண்டு வந்து உருக்கினார்கள். ஏமாந்த அண்டை அரசன் என்ன செய்வான்? தானும் கலப்படம் செய்தான். 1622 ஜனவரியில் பிராகா நகரில் நாணயம் அடிக்கும் உரிமையைப் பெற்ற ஒரு கூட்டத்தார் ஒரு மார்க் வெள்ளியிலிருந்து குல்டன் என்னும் நாணயம் 79 அடிக்க ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிற்று. கூலிக்காரரும் உத்தியோகஸ்தரும் சம்பளமாக வாங்கிய காசு கையிலேயே மதிப்பிழந்தது. முடிவில் அக்காசு வரிப்பணமாகத் திரும்பி அடித்தவர்களிடமே வந்து சேர, 1623 இல் அதன் மதிப்பைப் பெருமளவு குறைத்து, பழைய விதிக்கே மீண்டார்கள்.

மீண்டாலும் நோய் முற்றிலும் தீரவில்லை. எல்லைகள் நெருங்கியிருக்கும் நாடுகளில் ஒருவன் மட்டும் யோக்கியனாக இருப்பது நஷ்டமான காரியம். அவனுடைய நல்ல நாணயத்தைப் பிறர் உருக்கிவிடுவார்கள். ஆகையால் இறங்குவதானால் எல்லோரும் ஒன்றாக இறங்குவோம் என்று அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1667 இல் பிராண்டன்பர்க்கும் சாக்ஸனியும் ஸின்னா என்னுமிடத்தில் கூடி, ஒரு மார்க் சுத்த வெள்ளிக்குப் பத்தரைத் தாலர் என்று கணக்கிட்டன. 1690 இல் லைப்ஸிக் ஏற்பாட்டில் அது பன்னிரண்டாயிற்று. 1750 இல் பிரஷ்யா பதினான்காக்கியது. கணக்குத் தாலரிலிருந்த வெள்ளி 26 கிராமிலிருந்து 22க்கும், பின்னர் பத்தொன்பதரைக்கும், முடிவில் பதினேழுக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கிற்று. ஆனால் 1620களில் நிகழ்ந்த குழப்பத்துக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு: இந்தக் குறைவு எழுதப்பட்டது, எல்லோருக்கும் தெரிந்தது, சோதகர் நெருப்பில் சரிபார்க்கக்கூடியது. ஏமாற்று என்பது வெள்ளி குறைவதில் இல்லை. குறைந்ததை மறைப்பதில் இருக்கிறது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு புதுச்சேரி நாணயங்களைப் பார்த்தால் முரண்பாடு நீங்கிவிடும். ஜெர்மனியில் பெருநாணயம் பல நாடுகளைக் கடந்து சென்று, அந்நியச் சோதகரின் நெருப்பில் விழவேண்டியிருந்ததால் பொது விதிக்குக் கட்டுப்பட்டது. சில்லறைக் காசு பிறந்த ஊரிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் உள்ளூர் அரசனின் இஷ்டத்துக்கு வளைந்தது. புதுச்சேரியிலும் அப்படியே. துட்டைக் கொண்டு கீரையும் எண்ணெயும் வாங்குகிறவர்கள் அவ்வூராரே. அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் தெரிந்த ஊர்ப்பெயர் இருந்தால் போதும். எட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய் என்று கணக்கிடப்பட்ட வெள்ளிப் பணம் கொஞ்சம் அதிகத் தூரம் போகலாம். எனினும் பிரெஞ்சு ஆட்சியின் நிழலைத் தாண்டிச் செல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆகவே அதில் அரசின் சின்னம் பொறிக்கப்பட்டது. லூயி பிலிப் மன்னர் காலத்தில் 1837 ஆம் ஆண்டுப் பணத்தில் பிரான்ஸின் சேவல்கூட வந்து நிற்கிறது. ரூபாயோ அந்நியரிடையே செல்லவேண்டியது. எந்த நாணயம் எவ்வளவு தொலைவு பயணம் செய்ய வேண்டுமோ, அவ்வளவுக்கு அடித்தவன் தன்னைக் குறைத்துக்கொண்டு, வாங்குகிறவனின் வழக்கத்துக்கு இணங்கவேண்டும் என்பதே இரு தேசங்களிலும் வெள்ளி விதித்த நியதி.

அப்படியானால் அந்தச் சிறு பிறைச் சின்னம் எதற்கு என்று கேட்கலாம். ஆற்காட்டு ரூபாயை நவாபின் நாணயசாலைகளும், சென்னையில் ஆங்கிலேயரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் ஒரே வாசகத்தோடு அடித்தார்கள். சராப்பு புடமிட்டு ஒருமுறை கண்ட மாற்றை அடுத்த முறை நினைவில் கொள்வதற்கு ஒரு குறி வேண்டும். பிறை அந்தக் குறி. அதன் மாற்று ஒருமுறை குறைந்ததென்று தெரிந்தால், பிறை ரூபாய் அனைத்துக்கும் வட்டம் ஏறிவிடும். ஆகவே கம்பெனியின் கௌரவம் பாதுஷாவின் பெயரில் அன்று, அந்தப் பிறையின்மேல்தான் நின்றது.

வாங்குகிறவனின் வழக்கம் எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு இரு பிரதேசங்களிலிருந்தும் ஒவ்வோர் உதாரணம் சொல்லலாம். 1780 இல் காலமான ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேஸாவின் தாலரைச் செங்கடல் வியாபாரிகள் மிகவும் விரும்பியதால், அவர் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே, 28 கிராம் எடையில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளியாக, இருபதாம் நூற்றாண்டிலும் அது அடிக்கப்பட்டது. சென்னையில் ஆங்கிலேயர், 1759 இல் கொலையுண்ட டில்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயரிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆற்காட்டு ரூபாயை அடித்துக்கொண்டிருந்தார்கள். 1835 இல் இந்தியா முழுவதற்கும் 180 கிரெய்ன் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாயை நிறுவும் அதிகாரம் கைக்கு வந்த பின்னரே, தங்கள் மன்னரின் முகத்தை அதில் பொறிக்கும் துணிவு ஆங்கிலக் கம்பெனிக்கு உண்டாயிற்று. புதுச்சேரியும் நாளடைவில் அந்த ரூபாயையே வழங்கலாயிற்று.

அதன் பின்னர் ஜெர்மனியின் வெள்ளி நம் நாட்டை நேராகவே வந்து தாக்கியது. 1857 இல் ஒரு தாலருக்குச் சுமார் 16⅔ கிராம் சுத்த வெள்ளி என்று பொது நாணயம் நிறுவியிருந்த ஜெர்மானியர், 1871 இல் ஒரே சாம்ராஜ்யமாக இணைந்தவுடன் பொன் நாணயத்துக்கு மாறி, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த தாலர்களில் பெரும்பகுதியை உருக்கி உலகச் சந்தையில் விற்கலானார்கள். அமெரிக்காவில் புதிய சுரங்கங்களும் திறந்திருந்தன. பிரான்ஸும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளியைத் தாராளமாக நாணயமாக்குவதை நிறுத்திவிட்டன. வெள்ளியின் விலை சரிந்தது. வெள்ளியையே உடலாகக் கொண்ட ரூபாயும் அதனுடன் சரிந்தது. 1871 ஐ ஒட்டி ஏறக்குறைய 23 பென்ஸ் பெற்ற ரூபாய், 1892 ஐ ஒட்டி 15 பென்ஸாகிவிட்டது. பிராங்கில் கணக்கெழுதி ரூபாயில் வாழ்ந்த புதுச்சேரிக்கு இந்தச் சரிவு இரு பக்கக் கணக்கையும் குழப்பியது. கடைசியில் 1893 இல், யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தை இந்திய நாணயசாலைகள் நிறுத்திக்கொண்டன.

அன்றோடு ரூபாயின் மதிப்புக்கும் அதிலுள்ள வெள்ளிக்கும் இருந்த பந்தம் அறுந்தது. 1940 இல் ரூபாயில் வெள்ளி சரிபாதியாயிற்று. 1947 இல் அது நிக்கலாயிற்று. 1954 நவம்பரில் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தில் சேர்ந்தபோது புதிதாக அடிக்கப்பட்ட ரூபாயில் வெள்ளியின் சாயல்கூட இல்லை. இன்று அரசாங்கங்கள் தங்கள் சின்னத்தை எவ்வளவு பெரிதாகவும் பொறித்துக்கொள்ளலாம். அவற்றைக் கூச வைக்கும் நெருப்பும் சாம்பல் கிண்ணமும் நாணயத்துக்கு இனித் தேவையில்லை. ஆயினும் சோதனை ஒழிந்துவிடவில்லை. செம்பைக் கலந்த பிராகாக் கூட்டத்தாரைக் காட்டிக்கொடுத்தது சோதகரின் உலை மட்டுமன்று, சந்தையின் விலைவாசியும்தான். அந்த இரண்டாவது சோதகர், நாணயத்தில் வெள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறார்.